ராட்டினத்துக்கு யார் பொறுப்பு?

சாரல் விழுந்தால் போதும். ஆய்க்குடியில் பஸ் ஏறி, தென்காசியில் மாறி, குற்றாலத்தில் போய் இறங்கி விடுகிறது ஜனம். அங்கே போனால் மெயின் அருவியில் வெள்ளம். போலீஸ்காரர் விசில் ஊதுகிறார். குளிக்கத் தடை! ஐந்தருவியிலும் அதே கதை.

துண்டும் எண்ணெய்ப் பாட்டிலுமாக வந்த குடும்பம் என்ன செய்யும்? பிள்ளை அழுகிறது. அழுகிற பிள்ளையை ராட்டினத்தில் ஏற்றி விடுகிறார் அப்பா. கவுண்டரில் பாக்கிச் சில்லறையை இரண்டு தடவை எண்ணிப் பார்க்கிறார். சரிதான். ஆனால் அந்த ராட்டினத்தின் போல்ட்டை யார் எண்ணிப் பார்த்தது?

அப்பாவுக்குத் தெரியாது. டிக்கெட் கிழிக்கிற பையனுக்கும் தெரியாது.

தென்காசி வட்டாரத்தில் எதற்குத்தான் சங்கம் இல்லை? மளிகைக் கடைக்காரர், லாரிக்காரர், ஆட்டோக்காரர், ஓட்டல்காரர் என்று ஆளுக்கு ஒரு சங்கம். கடையடைப்பு என்றால் ஒரே ராத்திரியில் போர்டு எழுதி மாட்டி விடுவார்கள். ராட்டினக்காரர் எந்தச் சங்கம்? வரிசையில் நிற்கிற யாரைக் கேட்டாலும் விழிப்பார்கள்.

மும்பையில் ஒரு சங்கம்

கேளிக்கைப் பூங்கா முதலாளிகளுக்கு இந்தியாவில் பெரிய சங்கம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. 1999-ல் தொடங்கியது. தலைமை இடம் மும்பை. சுருக்கப் பெயர் ஐ.ஏ.ஏ.பி.ஐ. பூங்கா நடத்துகிறவர்களும், ராட்டினம் செய்து விற்கிற கம்பெனிகளும் அதில் உறுப்பினர்கள். கண்காட்சி நடத்துகிறது. கருத்தரங்கு நடத்துகிறது. டெல்லிக்கு மனு போடுகிறது.

மனுவுக்குப் பலனும் கிடைத்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது பூங்கா டிக்கெட்டுக்கு வரி 28 சதவீதம். சூதாட்ட விடுதிக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் அதே 28! குழந்தை ஏறுகிற குதிரை ராட்டினமும் ரேஸ் குதிரையும் சர்க்கார் கணக்கில் ஒன்றாகி விட்டது. சங்கம் விடவில்லை. 2018 ஜனவரி 25 முதல் வரி 18 சதவீதம் ஆனது. 100 ரூபாய் கட்டணத்துக்கு 10 ரூபாய் மிச்சம். இதைச் செய்ததற்காக சங்கத்தைப் பாராட்டலாம்.

தமிழ்நாட்டில் இன்னொரு கதை. ஜி.எஸ்.டி. போக, உள்ளாட்சி கேளிக்கை வரி 10 சதவீதம். இந்த வரியைக் காட்டி ஒண்டர்லா கம்பெனி சென்னைப் பூங்கா வேலையைப் பல வருஷம் தள்ளிப் போட்டது. வரிச் சலுகை கிடைத்த பிறகுதான் வேலை ஓடியது. 2025 டிசம்பரில் பூங்கா திறந்தது. இதில் ஒரு சங்கதி இருக்கிறது. பெரிய கம்பெனிக்குச் சங்கம் இல்லாவிட்டாலும் கோட்டைக் கதவு திறக்கும். மஞ்சப்பையில் லைசென்ஸ் காகிதத்தை வைத்துக்கொண்டு தாலுகா ஆபீஸ் வராந்தாவில் நிற்கிற ராட்டினக்காரருக்குத்தான் சங்கம் வேண்டும். அவரோ மும்பையைக் கண்டதில்லை.

ரத்தம் சிந்திய பட்டியல்

தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா பூங்காவில் 2016 மே மாதம் புது ராட்டினம் ஒன்றைச் சோதனை ஓட்டம் விட்டார்கள். ஏறி உட்கார்ந்தவர்கள் அங்கே வேலை பார்த்தவர்களே. ராட்டினம் சாய்ந்தது. தொழிலாளி ஒருவர் பலி. மேலும் பலர் படுகாயம். சோதனைக்கு மணல் மூட்டை கிடைக்கவில்லையா?

ஆமதாபாத் காங்கரியா ஏரிக்கரையில் 2019 ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை. ஊஞ்சல் மாதிரி ஆடுகிற ராட்சத இயந்திரம் நடுத்தண்டு முறிந்து விழுந்தது. 2 பேர் சாவு. காயம் பட்டவர் 25-க்கும் மேல்.

பஞ்சாபில் மொகாலி. 2022 செப்டம்பர் 4. பொருட்காட்சித் திடலில் உயரே போன ராட்டினம் ஆட்களோடு தடாலென்று தரையில் மோதியது. குழந்தைகளும் பெண்களும் ஆஸ்பத்திரியில்.

ராஜ்கோட்டில் 2024 மே 25. விளையாட்டுக் கூடத்தில் தீ. கருகியவர்கள் 27 பேர். தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று அந்தக் கூடத்துக்கு இல்லை. அதற்குப் பிறகுதான் குஜராத் சர்க்கார் தனி விதி எழுதியது.

ஒவ்வொரு தடவையும் நடப்பது ஒன்றுதான். மேனேஜர் கைது. பூங்காவுக்குப் பூட்டு. விசாரணை. பிறகு பேப்பரில் வேறு செய்தி.

லாரியில் வருகிற இரும்பு

பூங்காவிலாவது வேலி இருக்கிறது, மெக்கானிக் இருக்கிறார், அறிக்கை கொடுக்க முதலாளி இருக்கிறார். திருவிழா ராட்டினம் வேறு ஜாதி. கோயில் கொடை, தேரோட்டம், பொருட்காட்சி என்று ஊர் ஊராக லாரியில் வருகிறது. ஜெயன்ட் வீல், கொலம்பஸ், பிரேக் டான்ஸ். ராத்திரி இறக்கி, விடிய விடியப் பூட்டி, சாயங்காலம் ஓட்டம். பத்து நாள் கழித்து அவிழ்த்து அடுத்த ஊர்.

பூட்டிப் பூட்டி அவிழ்த்தால் பின் தேயும். துளை அகலும். சாரல் ஊரில் துரு சீக்கிரம் பிடிக்கும். வெல்டிங் விட்ட இடத்தில் மஞ்சள் பெயிண்ட் அடித்தால் பகலிலும் தெரியாது, டியூப் லைட்டிலும் தெரியாது. தரை ஈரமாக இருந்தால் முட்டுக்கட்டை மண்ணில் இறங்கும். ஒரு பக்கம் நாலு விரல் இறங்கினால் மேலே தொட்டி எவ்வளவு சாயும் என்று கணக்குப் போட என்ஜினீயர் வேண்டாம்.

ராட்டினக்காரரைத் திட்டுவது சுலபம். அவர் பாடு அவருக்கு. இடத்தை மொத்தமாக ஏலம் எடுத்தவருக்கு உள்வாடகை கட்ட வேண்டும். இரண்டு நாள் மழை அடித்தால் அந்த ஊர் நஷ்டம். போலீஸ், தீயணைப்பு, மின்வாரியம், பேரூராட்சி என்று ஒவ்வொரு ஊரிலும் காகிதத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒவ்வொரு மேஜையிலும் ஒரு கவனிப்பு. (ராட்டினத்தைக் கவனிப்பது அல்ல!) கடைசியில் கையில் அனுமதி வந்து சேரும்போது, போல்ட்டைப் பார்த்த கை மட்டும் ஒன்றுகூட இருக்காது.

இவரை மாதிரி ஐம்பது பேர் சேர்ந்தால் ஒரு மெக்கானிக்கல் என்ஜினீயரைச் சம்பளத்துக்கு வைக்கலாம். இன்ஷூரன்ஸை மொத்தமாக எடுத்தால் கட்டணம் குறையும். ஒரு ஊரில் தள்ளுபடியான ராட்டினம் பெயிண்ட் மாற்றி அடுத்த ஊருக்குப் போனால் கண்டுபிடிக்கலாம். இரும்புக்கு நம்பர் போட்டு, எந்த வருஷம் செய்தது, எங்கே வெல்டிங் வைத்தது, யார் பார்த்தது என்று ஒரு கையேடு கூடவே போகலாம். லாரிக்கு எப்.சி. உண்டு. லாரியில் ஏறி வருகிற ராட்டினத்துக்குக் கிடையாதா?

இங்கிலாந்தில் எப்படி?

நடக்காத காரியம் அல்ல இது. இங்கிலாந்தில் சந்தைக்குச் சந்தை ராட்டினம் கொண்டு போகிற நாடோடிக் குடும்பங்கள் 1889-லேயே சங்கம் கட்டினார்கள். வண்டியில் குடியிருப்பவர்களை ஒடுக்க ஒரு மசோதா வந்தது. அதை எதிர்க்கச் சேர்ந்த கூட்டம்தான் பிறகு ராட்டினக்காரர் சங்கமாக நிலைத்தது. உறுப்பினர் ஒழுங்கு மீறினால் சங்கமே அபராதம் போடும்.

அங்கேயும் சாவு விழாமல் புத்தி வரவில்லை. 1972 மே 30. லண்டன் பேட்டர்சீ பூங்காவில் மேட்டில் ஏறிய ரயில் ராட்டினம், இழுவைக் கயிறு விட்டுப் போய் பின்னால் ஓடியது. 5 குழந்தைகள் செத்தார்கள். இன்று அங்கே ராட்டினம் ஒவ்வொன்றையும் வருஷத்துக்கு ஒரு தடவை, பதிவு பெற்ற சோதனையாளர் பார்த்துச் சான்று கொடுக்க வேண்டும். அந்தத் திட்டத்தைத் தொழில் சங்கங்களே கூட்டாக நடத்துகின்றன. சர்க்காரின் பாதுகாப்பு இலாகா தலைக்கு மேலே நிற்கிறது. அப்போதும் விபத்து நடக்கத்தான் செய்கிறது. ஆனால் யார் பார்த்தது என்ற கேள்விக்கு ஒரு பேரும் ஒரு கையெழுத்தும் இருக்கிறது.

சர்க்கார் மேலே நிற்க வேண்டும் என்பது முக்கியம். சங்கம் தன் ஆளுக்குத் தானே சான்று எழுதினால் அது வேலிக்கு ஓணான் சாட்சி.

தமிழ்நாட்டில் சட்டம் எப்படி? பொதுமக்கள் கூடுகிற இடங்களுக்கு லைசென்ஸ் கொடுக்கிற சட்டம் வெள்ளைக்காரன் காலத்தது. 1888-ம் வருஷம். பெர்ரிஸ் என்ற என்ஜினீயர் சிகாகோ பொருட்காட்சியில் 264 அடி உயர ராட்சத இரும்புச் சக்கரத்தை நிறுத்தியது 1893-ல். சட்டம் அந்த ராட்டினத்துக்கு ஐந்து வயது மூப்பு! ஐ.எஸ்.ஐ. முத்திரை போடுகிற தர நிர்ணய அமைவனம் ராட்டினப் பாதுகாப்புக்கு நல்ல விதிகளாகவே எழுதி வைத்திருக்கிறது. திருவிழாத் திடலில் அதைப் புரட்டிப் பார்த்தவர் எத்தனை பேர்?

ஒருவர் செய்தது, எல்லோருக்கும் அடி

குற்றாலத்துக்காரர்களுக்குச் சங்கத்தின் அருமை வேறு வகையில் தெரிந்திருக்க வேண்டும். மலையிலிருந்து வருகிற தண்ணீரை மறித்துத் திருப்பி, தங்கள் விடுதிக்குள் செயற்கை அருவி கொட்ட வைத்தார்கள் சிலர். மதுரை ஐகோர்ட்டு கிளைக்கு வழக்குப் போனது. 2022 நவம்பரில் கடுமையான உத்தரவு வந்தது. தென்காசி மாவட்டத்தில் விடுதிகளுக்கு 'சீல்' விழுந்தது.

முதல் ஆள் ஓடையில் குழாய் போட்டபோதே, "அண்ணாச்சி, இது வேண்டாம். எல்லார் பொழைப்பும் போயிரும்" என்று சொல்ல ஒரு சங்கம் இருந்திருந்தால்? ஒருவரைத் தடுத்திருந்தால் பத்துப் பேர் கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டியதில்லை. உறுப்பினருக்குக் குடை பிடிக்க மட்டும் சங்கம் என்றால் அதன் ஆயுசு கொஞ்சம்தான்.

2024 மே 17-ந்தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயதுப் பையனை அடித்துக் கொண்டு போனது. அது மலை செய்தது. மலைக்கு நோட்டீஸ் அனுப்ப முடியாது. ராட்டினம் மனுஷன் பூட்டியது.

ஆய்க்குடிக்கு இதில் என்ன?

விழுந்தால் என்ன ஆகும் என்று ஆய்க்குடிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. முருகன் கோயிலுக்கு அடுத்து இந்த ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம். அதை நிறுவிய எஸ்.ராமகிருஷ்ணன், 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வில் உடல் பரீட்சையின்போது கீழே விழுந்தவர். ஒரே விழுதல். கழுத்துக்குக் கீழே உடம்பு ஒத்துழைக்கவில்லை. சக்கர நாற்காலியில் இருந்தபடியே ஊனமுற்ற ஆயிரக்கணக்கான பேரைத் தூக்கி நிறுத்தினார். 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. முதுகுத் தண்டு அடிபட்டவர்களுக்கு அங்கே பயிற்சி கொடுக்கிறார்கள். எழுந்து உட்கார ஒருவருக்கு எத்தனை மாதம் ஆகிறது என்று ராட்டின முதலாளிகளும் லைசென்ஸ் ஆபீசர்களும் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போகலாம். ஆய்க்குடி ஒன்றும் தூரம் இல்லை. தென்காசியிலிருந்து பஸ் இருக்கிறது.

கலெக்டர் நினைத்தால் சீசனுக்கு முன்னால் ஒரு கூட்டம் போடலாம். ராட்டினக்காரர், விடுதிக்காரர், நீச்சல் குளம் நடத்துகிறவர், திடலை ஏலம் எடுக்கிறவர், நாலு இலாகா அதிகாரிகள் எல்லோரும் ஒரே மேஜையில். சங்கம் பதிவு செய்யச் சொல்லலாம். பதிவு செய்தவருக்கு நாலு ஆபீஸ் அனுமதியையும் ஒரே ஜன்னலில் கொடுக்கலாம். மும்பைச் சங்கம் பெரிய பூங்காக்களுக்கு நடத்துகிற வகுப்பில் ஒன்றைத் தமிழில், தென்காசியில் நடத்தினால் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

அதுவரைக்கும் ஒரு வேலை உடனே நடக்கலாம். கவுண்டரில் 'பெரியவர் இத்தனை, சிறியவர் இத்தனை' என்று பலகை தொங்குகிறதே, அதன் கீழே இன்னும் மூன்று வரி எழுதச் சொல்லுங்கள். கடைசியாகச் சோதனை செய்த தேதி. சோதித்தவர் பெயர். ஒரு தடவைக்கு எத்தனை பேர் ஏறலாம். பெயிண்ட் செலவு அம்பது ரூபாய்.