வாயால் அளந்த கிலோமீட்டர்

மிளகுக் கொள்முதலுக்காக மட்டாஞ்சேரிக்குப் போய்வருவது நமக்கு நாற்பது ஆண்டுப் பழக்கம். சென்ற முறை போனபோது, கொச்சிக் காயலில் நங்கூரமிட்டிருந்த பாய்மரப் படகு ஒன்றிலிருந்து வெள்ளைக்காரர் ஒருவர் அரிசி, பருப்பு வாங்கச் சிறிய ரப்பர் தோணியில் கரைக்கு வந்தார். தோணியின் பின்புறம் மோட்டார் ஓடியது. சத்தமும் இல்லை, புகையும் இல்லை. மின்சார மோட்டார் என்றார். எந்தச் சரக்கைக் கண்டாலும் விலையும் தரமும் விசாரிப்பது நம் குணமாயிற்றே! நமது தரகர் மொழிபெயர்க்க, அரைமணி நேரம் விசாரித்தோம்.

'மளிகைக் கடைக்காரனுக்கும் தோணி மோட்டாருக்கும் என்ன சம்பந்தம்?' என்று அன்பர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. பின்னால் சொல்கிறோம்.

பெரிய படகின் எஞ்சின் டீசலில் ஓடுவது. தோணிக்காக மட்டும் பெட்ரோல் வாங்கிக் கேனில் வைத்திருக்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் போய்த் தங்கும். ஒரு பொறி போதும். மாதக்கணக்கில் கிடந்த பெட்ரோலோ கார்புரேட்டரை அடைத்துவிடும். இந்த இரண்டு தொல்லையும் வேண்டாமென்றுதான் அவர் மின்சாரத்துக்கு மாறினார். ஆனால் விளம்பரத்தைப் பார்த்து வாங்கவில்லை. நான்கு கேள்வி கேட்டு வாங்கினார்.

முதல் கேள்வி, சக்தி. '3 குதிரைச் சக்திக்கு இணை' என்று விற்கப்படும் மோட்டாரின் உண்மையான அளவு சுமார் 1 கிலோவாட், அதாவது ஏறக்குறைய 1.3 குதிரைச் சக்திதான். விசிறி பெரிதாக, மெதுவாகச் சுழல்வதால் குறைந்த வேகத்தில் தள்ளும் பலம் கூடுதல். ஆகவே பொய் என்று சொல்ல முடியாது. முழு உண்மையும் இல்லை. நாலு பேரை ஏற்றிக்கொண்டு தண்ணீரின் மேல் பறக்க நினைப்பவருக்கு இது ஆகாது.

இரண்டாவது, பாட்டரி. டார்கீடோ டிராவல் 1103 மாடலில் 915 வாட் மணி. ஈப்ரொபல்ஷன் ஸ்பிரிட் 1.0 பிளஸ் மாடலில் 1276. நம் வீட்டு மீட்டர் கணக்கில் முன்னது ஒரு யூனிட்டுக்கும் குறைவு, பின்னது ஒன்றேகால் யூனிட். முழு வேகத்தில் முன்னது ஐம்பது நிமிடம், பின்னது ஒன்றேகால் மணி நேரம். வேகத்தைப் பாதியாக்கினால் செலவு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆக, நிதானமாகப் போகிறவனுக்கே லாபம். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் சக்தி அடங்கியிருக்கிறது. எஞ்சின் அதில் பெரும்பகுதியை வீணாக்கினாலும், தூரம் போக வேண்டியவர் பெட்ரோல் வாங்குவதில் வெட்கப்பட வேண்டியதில்லை.

மூன்றாவது, சார்ஜ் எங்கே ஏற்றுவது? 100 வாட் சூரியத் தகடு நல்ல வெயிலில் நாளொன்றுக்குச் சுமார் 400 வாட் மணி தரும். பெரிய பாட்டரி நிறைய மூன்று நாளுக்கு மேல் ஆகும்.

நான்காவது, பழுதானால் யார் பொறுப்பு? ஜெர்மனியின் டார்கீடோ நிறுவனம் 2017-இல் டாய்ட்ஸ் கைக்கும், 2024-இல் யமஹா கைக்கும் மாறியது. கை மாறினாலும் உதிரிபாகம் கிடைக்குமா, பாட்டரி மட்டும் தனியாக என்ன விலை என்பதை வாங்கும் முன்பே கேட்க வேண்டும்.

கரை எவ்வளவு தூரம், நாளைக்கு எத்தனை நடை, எவ்வளவு பாரம் என்று அளந்துகொண்டுதான் அவர் பணத்தை எடுத்திருக்கிறார்.

இனி நம் கதை. இரண்டு ஆண்டுக்கு முன் கிடங்குக்கு ஒரு மின்சார லோடு ஆட்டோ வாங்கினோம். 'ஒரு சார்ஜுக்கு நூறு கிலோமீட்டர்' என்றார் விற்றவர். பாரத்தோடா, வெறும் வண்டியா என்று நாம் கேட்கவில்லை. ஆயுத பூஜைக்கு முதல் நாள் சர்க்கரையும் கடலையும் ஏற்றிய வண்டி, அறுபதாவது கிலோமீட்டரில் பாலத்தின் மேல் நின்றுவிட்டது. காத்திருந்த ஏழு கடைக்காரர்கள் வேறிடத்தில் சரக்கெடுத்தார்கள். அவர்களில் இருவர் இன்னும் நம்மிடம் திரும்பவில்லை. தராசில் நிறுக்காமல் ஒரு கிலோ சீரகம்கூட வாங்காத நாம், கிலோமீட்டரை மட்டும் வாயால் அளந்து வாங்கினோம்!

மின்சார வண்டியே வேண்டாம் என்பதல்ல நம் கட்சி. கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 75 பேரை ஏற்றும் 'ஆதித்யா' என்ற சூரியசக்திப் படகு 2017-இல் ஓடத் தொடங்கியது. தூரம் தெரியும், பாரம் தெரியும், திரும்பிவரும் துறையும் தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் மின்சாரம் கைகொடுக்கும். நம் கடைத்தெரு நடைகளும் பெரும்பாலும் அத்தகையவைதாம்.

ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். உறுப்பினர்கள் தனித்தனியே முதலைப் போட்டு ஏமாறுவதற்கு முன், விற்பனையாளரின் வண்டியை வரவழைத்து, முழுப் பாரம் ஏற்றி, நம் கடைத்தெருவிலேயே ஓட்டிப் பார்த்து, கிடைத்த கணக்கை இவ்விதழில் வெளியிட வேண்டும். சோதனைக்கு ஏற்ற வேண்டிய மூட்டைகளை நம் கிடங்கிலிருந்தே தருகிறோம்.