கேம்பஸ் கல்லா: 26 ஆயிரம் எங்கடா போச்சு?

ஒரு மார்ச் மாதக் கடைசியில் பஞ்சாயத்து ஒன்றுக்குப் போயிருந்தேன். இடம்: இன்ஜினீயரிங் காலேஜ் வாசல் டீக்கடை பெஞ்ச். வாதி, பிரதிவாதி, சாட்சி மூணு பேரும் ஒரே ஹாஸ்டல் ரூம்!

பேரெல்லாம் வேண்டாம். பார்த்த வேலையே பேராக இருக்கட்டும். டிசைனர், மார்க்கெட்டிங், கேஷியர். ஆளுக்கு 5 ஆயிரம் போட்டு, மொத்தம் 15 ஆயிரம் முதலில் டி-ஷர்ட் பிசினஸ் ஆரம்பித்தவர்கள். திருப்பூரில் ப்ளெய்ன் டி-ஷர்ட் வாங்குவது, பிரிண்ட் போடுவது, காலேஜில் விற்பது. காசு வர வர, அதையே சுழற்றி அடுத்த லோடு. ஒரு வருஷத்தில் 400 டி-ஷர்ட் விற்றாச்சு. செம இல்ல?

ஆனால், மூணு பேர் முகமும் சாவு வீட்டுக்குப் போய் வந்த மாதிரி இருந்தது.

மார்க்கெட்டிங்தான் ஆரம்பித்தான். “கணக்கு சிம்பிள்ணே. ஒரு டி-ஷர்ட் வாங்கி பிரிண்ட் போட 180 ரூபா. விக்கிறது 250. பீஸுக்கு 70 ரூபா லாபம். 400 பீஸுக்கு 28 ஆயிரம் வரணும். பெட்டியில இருக்கிறது 17 ஆயிரம். அதுல 15 ஆயிரம் நாங்க போட்ட முதல். அப்போ லாபம் வெறும் 2 ஆயிரம். மிச்சம் 26 ஆயிரம் எங்கண்ணே போச்சு?”

கேள்வி என்னிடம். பார்வை கேஷியரிடம்.

கேஷியர் வாயே திறக்கவில்லை. அவன் டீ ஆறிக்கொண்டிருந்தது. ரூமில் ரெண்டு வாரமாகப் பேச்சுவார்த்தை கிடையாதாம். மூணு வருஷ ஃப்ரெண்ட்ஷிப், ஒரு கால்குலேட்டரால் காலியாகும் நிலைமை.

“சரி... வருஷக் கணக்கு முடிச்சீங்களா?” என்றேன்.

“அதெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தானேண்ணே?”

அங்கேதான் ஃப்ரெண்ட்ஸ், மொத்த வில்லங்கமும்!

தாத்தாக்கள் விட மாட்டார்கள்!

நம் நாட்டில் நிதியாண்டு ஏப்ரல் 1-ல் ஆரம்பித்து மார்ச் 31-ல் முடியும். அதனால்தான் மார்ச் வந்தால் ஆடிட்டர் ஆபீஸில் நடுராத்திரி வரை லைட் எரிகிறது. ஆனால், வருஷத்துக்கு ஒருமுறை கணக்கை முடித்துப் பார்ப்பது கம்பெனிச் சட்டம் வந்து கற்றுக்கொடுத்த பழக்கம் இல்லை. நாள் பார்த்து, மஞ்சள் தடவி, ‘புதுக்கணக்கு’ போடும் மளிகைக் கடைகளைப் பார்த்திருப்பீர்களே... பழைய பேரேட்டை முடித்தால்தானே புது நோட்டைத் திறக்க முடியும்?

பர்மா, மலேயா என்று வட்டித் தொழில் நடத்திய செட்டிநாட்டு நகரத்தார் இதற்கு ஒரு பேரே வைத்திருந்தார்கள்: ‘ஐந்தொகை’. வரவு, செலவு, இருப்பு, வர வேண்டியது, கொடுக்க வேண்டியது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நிறுத்திப் பார்ப்பது. நம் ப்ளஸ் டூ அக்கவுன்டன்ஸி புத்தகத்தில் ‘இருப்புநிலைக் குறிப்பு’ என்று மார்க்குக்காகப் படித்தோமே, கிட்டத்தட்ட அதேதான்!

டீக்கடை பெஞ்சிலும் அதைத்தான் செய்தோம். ஒரே ஒரு கண்டிஷன் போட்டேன்: “ஒரு மணி நேரத்துக்கு ‘யார்?’னு யாரும் கேட்கக் கூடாது. ‘எங்கே?’னு மட்டும்தான் கேட்கணும்.”

ஒவ்வொன்றாக வெளியே வந்தது...

கட்டிலுக்கு அடியில் இருந்த அட்டைப்பெட்டியை இழுத்து வரச் சொன்னேன். எண்ணினால், விற்காத டி-ஷர்ட் 40. அதில் முக்கால்வாசி ‘எக்ஸ்எல்’ சைஸ். 40 பீஸ், 180 ரூபாய் வீதம் 7,200 ரூபாய். காசு தொலையவில்லை, துணியாக மாறித் தூங்கிக்கொண்டிருந்தது!

அடுத்து, பாக்கி. “நைட்டு ஜிபே பண்றேன் மச்சி” என்று வாங்கிப் போனவர்கள் லிஸ்ட்டை மூணு பேர் போனிலும் தேடித் தேடி எடுத்தோம். 36 டி-ஷர்ட். 250 வீதம் 9,000 ரூபாய். அந்த ‘நைட்டு’ இன்னும் வரவில்லை.

மூணாவது, ஓசி. சீனியருக்கு ஒண்ணு, டான்ஸ் டீமுக்கு நாலு, பிரிண்ட் கோணலானது ஏழு, ‘அவளுக்கு’ ஒண்ணு (யாருடைய அவள் என்று நான் கேட்கவில்லை)... இப்படி மொத்தம் 20. அடக்க விலையில் 3,600 ரூபாய்.

நாலாவது, பஸ், ஆட்டோ, பெட்ரோல், சாம்பிள் பீஸ், லோடு கூலி. கேஷியர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதி வைத்திருந்தான். 6,200 ரூபாய்.

இப்போ கூட்டுங்க. 7,200 + 9,000 + 3,600 + 6,200.

26,000. ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை!

மார்க்கெட்டிங் ரெண்டு தடவை கூட்டிப் பார்த்தான். அப்புறம் ரொம்ப நேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏனென்றால், அந்த 36 பாக்கியில் 29 அவன் கொடுத்தது.

லாபம் எவ்வளவு? மூணு பதில்!

“அப்போ எங்க லாபம் எவ்வளவுண்ணே?” என்றான் டிசைனர். இதற்கு மூணு பதில் உண்டு. மூணுமே உண்மை.

பாக்கி முழுசாக வந்து, 40 டி-ஷர்ட்டும் போட்ட காசுக்காவது போகும் என்றால், லாபம் 18,200. பாக்கி வராது என்றால் 9,200. டி-ஷர்ட்டும் போகாது என்றால், கையில் இருக்கும் 2 ஆயிரம்தான். ஆளுக்கு 666 ரூபாய். ஒரு வருஷ அலைச்சலுக்கு!

‘லாபம்’ வேறு, ‘கையில் காசு’ வேறு. கேம்பஸ் பிசினஸ் பலதும் கவிழ்வது இந்த ரெண்டுக்கும் நடுவில் இருக்கும் குழியில்தான்.

இன்னொரு விஷயம். பீஸுக்கு 70 ரூபாய் லாபம் என்று சொன்னார்களே, 6,200 ரூபாய் அலைச்சல் செலவை எடுக்கவே முதல் 89 டி-ஷர்ட் விற்றாக வேண்டும். அதாவது 89-வது ஆள் வாங்கும்வரை இவர்கள் பஸ் கம்பெனிக்கும் பெட்ரோல் பங்க்குக்கும்தான் உழைத்திருக்கிறார்கள்!

வலிக்கிற கேள்வி

இதுவரை பார்த்தது நடந்து முடிந்த கதை. ரிவ்யூவின் நிஜமான வேலை அடுத்த வருஷத்துக்கு முடிவெடுப்பது. அதற்கு ‘மொத்தம்’ என்ற கணக்கு உதவாது. பிரித்துப் பார்க்க வேண்டும்.

பிரித்தோம். 400-ல் 280, டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு மொத்தமாகப் போன ஆர்டர். எண்ணிக்கையும் சைஸும் முன்கூட்டியே தெரியும். அசோசியேஷன் காசு, கரெக்டாக வந்துவிட்டது. அதில் லாபம் 19,600. எல்லா அலைச்சல் செலவையும் இதன் தலையிலேயே போட்டாலும் 13,400 மிச்சம்.

மீதி 120, ஹாஸ்டலில் ரூம் ரூமாக விற்ற ‘ஓன் டிசைன்’ டி-ஷர்ட். இதில் வர வேண்டிய லாபம் 8,400. ஆனால் பாக்கி, ஓசி, கட்டிலடி ஸ்டாக் எல்லாமே இங்கேதான். மொத்தம் 19,800. ஆக, 11,400 ரூபாய் பள்ளம்!

டிசைனர் முகம் சுருங்கிப்போனது. ஓன் டிசைன் அவனுடைய உயிர். செகண்ட் இயரில் அவன் வரைந்த படத்தைப் பார்த்து, “மச்சான், இதை டி-ஷர்ட்ல போட்டா எப்படி இருக்கும்?” என்று ஒருத்தன் கேட்டதில்தான் இந்த பிசினஸே பிறந்தது. அது இல்லாமல் என்ன பிசினஸ்?

அப்போது அவனுக்கு இன்டெல் கதையைச் சொன்னேன். இன்டெல் 1968-ல் ஆரம்பிக்கப்பட்டபோது அதன் பிழைப்பே மெமரி சிப்தான். எண்பதுகளில் ஜப்பான் கம்பெனிகள் அதே சிப்பைத் தரமாகவும் சல்லிசாகவும் கொடுக்க, இன்டெல் திணறியது. 1985-ல் ஒரு நாள் கம்பெனியின் தலைவர்கள் ஆண்டி க்ரோவும் கார்டன் மூரும் ஆபீஸில் சோகமாக உட்கார்ந்திருக்கிறார்கள். க்ரோவ் கேட்கிறார்: நம்மைத் துரத்திவிட்டுப் புதுசாக ஒருத்தரைக் கொண்டுவந்தால், அவர் முதல் வேலையாக என்ன செய்வார்? மூர் யோசிக்கவே இல்லை. மெமரியை விட்டு வெளியே வந்துவிடுவார் என்றார். அப்படியானால் நாமே கதவுக்கு வெளியே போய், திரும்ப உள்ளே வந்து, அதை ஏன் செய்யக் கூடாது என்றார் க்ரோவ். 1996-ல் வந்த தன் புத்தகத்தில் இதை அவரே எழுதியிருக்கிறார்.

லேசில் நடந்துவிடவில்லை. ஃபேக்டரிகளை மூடினார்கள், பலருக்கு வேலை போனது. ஆனால் மைக்ரோ பிராசஸரில் முழு மூச்சாக இறங்கிய இன்டெல், 1992-ல் உலகின் மிகப் பெரிய சிப் கம்பெனி ஆனது.

டிசைனரிடம் அதே கேள்வியைக் கேட்டேன். “நாளைக்கு உங்க பிசினஸை ஒரு ஜூனியர் வாங்கினா, அவன் முதல்ல எதை நிறுத்துவான்?”

ரொம்ப நேரம் கழித்துச் சொன்னான். “ரூம் ரூமா விக்கிறதை.”

கவனிச்சீங்களா? ‘ஓன் டிசைனை’ என்று சொல்லவில்லை. பிரச்னை அவன் படத்தில் இல்லை, விற்ற விதத்தில்! இந்த வித்தியாசம் பிடிபட்டதும் பையன் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான்.

ஒரே பக்கம் போதும்

அடுத்த வருஷத் திட்டத்தை நோட்டில் ஒரே பக்கத்தில் எழுதினோம்.

ஒன்று, மொத்த ஆர்டருக்குப் பாதிப் பணம் அட்வான்ஸ். வராவிட்டால் துணி வாங்கப் போவதில்லை.

ரெண்டு, ஓன் டிசைன் உண்டு. ஆனால் முன்பதிவு மட்டும். படத்தை முதலில் காட்டுவது, முழுக் காசு கட்டியவர்களுக்கு மட்டும் அவர்கள் சைஸில் பிரிண்ட். கட்டிலுக்கு அடியில் இனி சூட்கேஸ் மட்டுமே இருக்கும்!

மூணு, ஓசிக்கு வருஷத்துக்கு 5 பீஸ்தான். ஆறாவது பீஸ், கொடுப்பவன் பாக்கெட்டிலிருந்து.

நாலு, கணக்கை ரெண்டு பேர் பார்ப்பது. இதைக் கேட்டது கேஷியரேதான். “நம்பிக்கை இல்லாம இல்லண்ணே... இன்னொரு தடவை இப்படி உட்கார என்னால முடியாது” என்றான்.

அஞ்சு, ஜூலை, அக்டோபர், ஜனவரி முதல் வாரங்களில் அரை மணி நேரம் இதே மாதிரி உட்கார்வது. வருஷக் கடைசியில் தெரிவதில் பாதி, மூணாவது மாசமே தெரிந்துவிடும்.

இலக்கு? டிபார்ட்மென்ட் ஆர்டர் மட்டும் 300. இந்த வருஷத்தைவிட 100 டி-ஷர்ட் கம்மி! ஆனால், அதே விலை, அதே அலைச்சல் செலவு என்று வைத்தால் கையில் நிற்பது 14,800. விற்பனை இறங்கும், லாபம் ஏழு மடங்கு ஏறும். ‘அடுத்த வருஷம் டபுள் பண்றோம்’ என்று சவால் விட்டிருந்தால் பள்ளமும் டபுள் ஆகியிருக்கும்.

ஒரு அபாயத்தையும் குறித்துக்கொண்டோம். அந்த 280-ல் 150, ஒரே டிபார்ட்மென்ட். ஆர்டர் கொடுத்த செக்ரட்டரி ஃபைனல் இயர். கேம்பஸ் பிசினஸில் கஸ்டமர் வருஷா வருஷம் பாஸாகிப் போய்விடுவார்! புது செக்ரட்டரி யார் என்று ஜூனிலேயே விசாரிக்க வேண்டும். பாக்கி வைத்தவர்களிலும் பலர் ஃபைனல் இயர்தான். ஹால் டிக்கெட் வாங்கும் முன்னால் பிடித்தால்தான் உண்டு.

கடைசியாக, ‘தப்புகள்’ என்று தலைப்புப் போட்டு மூணு பேரும் ஆளுக்கு ஒன்று எழுதினார்கள். இது அவமானம் இல்லை பாஸ். வாரன் பஃபெட் 1993-ல் 43 கோடியே 30 லட்சம் டாலர் மதிப்புள்ள தன் கம்பெனிப் பங்குகளைக் கொடுத்து, டெக்ஸ்டர் என்ற ஷூ கம்பெனியை வாங்கினார். அது கிட்டத்தட்ட பூஜ்யமானது. தன் வாழ்க்கையிலேயே மோசமான டீல் இதுதான் என்று பங்குதாரர்களுக்கான 2007-ம் வருஷக் கடிதத்தில் தானே எழுதினார். அவரே எழுதலாம் என்றால், நாம் எழுதினால் என்ன குறைந்துவிடப் போகிறது?

உங்களிடம் பிசினஸ் இல்லையா? பரவாயில்லை. டிபார்ட்மென்ட் ஃபண்டு, ஹாஸ்டல் விழாக் கமிட்டி, டூர் கணக்கு என்று ஏதோ ஒன்று உங்கள் கையில் இருக்கும். காசு குறைந்தால் ஆளைப் பார்க்காதீர்கள். முதலில் கட்டிலுக்கு அடியில் பாருங்கள்.

அன்றைக்கு மார்க்கெட்டிங் ‘ஸாரி’ சொல்லவில்லை. பசங்க சொல்ல மாட்டார்களே! எழுந்து போய், கேஷியருக்கு மட்டும் சூடாக இன்னொரு டீ வாங்கி வந்து வைத்தான். கேஷியர் ஒரு வாய் குடித்துவிட்டு நோட்டைத் திறந்தான்.

“இதை யார் கணக்குல எழுதட்டும்?”

“என் கணக்குல எழுதுடா.”

ரெண்டு வாரத்துக்கு அப்புறம் அவர்கள் பேசிக்கொண்ட முதல் வார்த்தை அதுதான்!