ரூரலுக்கு மடங்குற நாக்கு வாழைப்பழத்துக்கு மடங்காதா?

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலைகாட்ட முடியலை. இன்னைக்கு எழுதலைன்னா தலை வெடிச்சிடும், அதான் வந்துட்டேன்.

போன ஞாயித்துக்கிழமை. புனேயில எங்க வீடு. எட்டாவது படிக்கிற பொண்ணு லேப்டாப் முன்னாடி உட்கார்ந்து "ரூரல், ரூரல்"னு முக்கால் மணி நேரமா ஜபம் பண்றா. அமெரிக்க உச்சரிப்பு சொல்லித்தர்ற ஆன்லைன் வகுப்பு. மாசம் 3000 ரூபா. கட்டினது சாட்சாத் அடியேன்தான். "நாக்கைப் பின்னாடி மடி, மேலண்ணத்துல ஒட்டக்கூடாது"ன்னு டீச்சரம்மா திரும்பத் திரும்பச் சொல்றாங்க. பொண்ணு கண்ணுல தண்ணி.

எனக்கு அது பழகின வார்த்தை. ஒரு ஊர்ல 10,000 பேருக்குக் கம்மியா இருந்தா, ரிசர்வ் வங்கி கணக்குல அங்க இருக்கிறது ரூரல் கிளை. அப்படி ரெண்டு கிளையில குப்பை கொட்டியிருக்கேன். நம்ம ஊர் 'ர' போட்டு நான் சொன்னதால எந்த விவசாயக் கடனும் நின்னு போகலை. இத்தனைக்கும் அந்த வார்த்தை அமெரிக்கர்களுக்கே தகராறு. '30 ராக்'னு அவங்க காமெடித் தொடர்ல, 2007ல வந்த ஒரு எபிசோடுல, 'ரூரல் ஜூரர்'ங்கிற படத்தோட பேர் யாருக்கும் புரியாம ஆளாளுக்கு முழிப்பாங்க.

நாக்கை மடி, ஆனா ஒட்டாதே... இதை எங்கயோ கேட்ட மாதிரி இருக்கேன்னு யோசிச்சேன். அட, நம்ம ழ! அமெரிக்கர்ல சிலர் நடுநாக்கைக் குவிச்சும் அந்த 'ர'வைச் சொல்றாங்க. ஆனா மடிச்சுச் சொல்றவங்க சத்தம் நம்ம ழகரத்துக்குப் பங்காளி. தொல்காப்பியரும் பிறப்பியல்ல ரகரத்தையும் ழகரத்தையும் ஒரே நூற்பாவுல உட்கார வெச்சிருக்கார். ரெண்டுக்கும் நுனிநாக்கு எழும்பி அண்ணத்தை வருடணுமாம்.

"பாப்பா, வாழைப்பழம் சொல்லு"ன்னேன்.

"வாலப்பலம்."

சுரீர்னுச்சு. மாசம் 3000 கட்டி மடிக்கக் கத்துக்கிற நாக்கு, வீட்டுல ஓசியில மடங்கியிருக்க வேண்டியது மக்களே!

"ஊர்ல மட்டும் எல்லாரும் ழ சொல்றாங்களாக்கும்"னு கேப்பீங்க. நியாயம்தான். நான் விருதுநகர்க்காரன், எங்க பக்கம் 'வாளப்பளம்'தான். ஆனா அது ஒரு ஊரோட பேச்சு. என் பொண்ணோடது எந்த ஊர்ப் பேச்சும் இல்லை. காதுல விழாததால வந்தது. வீட்டுல நானும் தங்கமணியும் அவகிட்ட இங்கிலீஷ்லயே பேசினோம். தப்பு அவ நாக்குல இல்லை, எங்க வாயில. அப்பத்தா போன் பண்ணினா, "சாப்ட்டியா அப்பத்தா"ன்னு ஒரு வரி, உடனே போன் என் கைக்கு வந்துடும்.

எதிர்வீட்டு சேலத்துக்காரர் சொல்றார்: "நாளைக்கு அமெரிக்க கிளையன்ட்கிட்ட பேசணுமே சார்?" பேசட்டும், யார் வேண்டாங்கிறா? நிதானமா, வார்த்தையை முழுங்காம, அழுத்தம் எங்க விழணுமோ அங்க விழுந்தா கிளையன்ட்டுக்குப் புரியும். அதைச் சொல்லிக்கொடுங்க, 3000 என்ன, 4000 தர்றேன். 'ர'வை உருட்டறதுக்குப் பேர் அறிவு இல்லை.

அந்த 'ர'வோட மதிப்பும் நிரந்தரம் இல்லை. 1933ல இருந்து 1945 வரைக்கும் ஜனாதிபதியா இருந்த ரூஸ்வெல்ட், வார்த்தைக் கடைசியில 'ர' சொல்லாமப் பேசினவர். அவங்க பக்கத்துப் பெரிய மனுஷங்க பேச்சே அப்போ அப்படித்தான். 1962ல லபோவ்ங்கிற மொழியியலாளர் நியூயார்க்ல மூணு பெரிய கடைகள்ல ஏறி இறங்கி, நாலாவது மாடியில என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு, விற்பனையாளர்கிட்ட அதையே விசாரிச்சார். விலை அதிகமான கடையில 'ர' அதிகம், மலிவான கடையில கம்மி. முப்பது வருஷத்துல காத்து அப்படியே திசை மாறிடுச்சு. ரேட் ஏறி இறங்குற சரக்கு சார் இது. இதை வாங்க வீட்டுல இருக்கிற பிக்சட் டெபாசிட்டையா உடைப்பாங்க?

அன்னைக்கு ராத்திரி பொண்ணுகிட்ட சொன்னேன், ரூரலுக்கு மடிக்கிற அதே நாக்குதான் பழத்துக்கும்னு. "ழூழல்"னு சொல்லிட்டு விழுந்து விழுந்து சிரிச்சா. அப்புறம் சுத்தமா "பழம்" வந்துச்சு. "காசு கட்டினதும் நீங்க, இப்ப பிரசங்கம் பண்றதும் நீங்களா"ன்னு தங்கமணி முறைச்சது தனிக்கதை.

இப்போ ஞாயித்துக்கிழமை சாயந்திரம் அப்பத்தா வகுப்பு. கட்டணம் கிடையாது. அப்பத்தா 'வாளப்பளம்'ங்க, பேத்தி "அப்படி இல்ல அப்பத்தா, நாக்கை மடி"ன்னு திருத்தறா. போன வாரம் இருபது நிமிஷம் பேசினாங்க. போன் என் கைக்கு வரவே இல்லை.

டிஸ்கி: ரூரல் வகுப்பை நிறுத்தலை. இந்த மாசக் காசு கட்டியாச்சு, ரீபண்ட் கிடையாதாம் :-)