கவுண்டரில் உடையும் ரகசியம்

நம் சிறுகதைகளில் ஒரு சிறுவன் தவறாமல் கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்க்கிறான். அம்மாவின் அறையில் யாரோ ஒரு மாமா. கடைசி வரியில் அவன் 'பெரியவனாகி' விடுகிறான். இந்தக் கதையை இன்னும் எத்தனை வருஷம் எழுதப் போகிறோம்?

கதவிடுக்கைவிடப் பயங்கரமான ஓர் இடம் மலேசியாவில் இருக்கிறது: தேசியப் பதிவிலாகாவின் கவுண்டர். 12 வயதில் பிள்ளை ஐ.சி. எடுக்கப் போகிறது. அன்றுதான் தன் பிறப்புப் பத்திரத்தை நிதானமாக வாசிக்கிறது. அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'மக்லுமாட் தீடாக் டிப்பெரோலேஹி'. தகவல் கிடைக்கவில்லையாம். அந்தத் தகவல் வெளியே பார்க்கிங் தேடிக்கொண்டிருக்கிறது.

இதற்கு யாரும் கள்ள உறவு வைத்திருக்கத் தேவையில்லை. 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, கோயிலில் ஊரைக் கூட்டித் தாலி கட்டினாலும் பதிவு செய்யாவிட்டால் அது கல்யாணமே இல்லை. அப்படிப் பிறந்த பிள்ளையின் பத்திரத்தில், அம்மாவும் அப்பாவும் சேர்ந்து கேட்டால்தான் அப்பா பெயர் ஏறும். 1957 பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அம்மா வெளிநாட்டுக்காரர் என்றால் இன்னும் மோசம். அந்தப் பிள்ளைக்குக் குடியுரிமை அம்மா வழிதான். அப்பா மலேசியர் என்பதற்காக நீல ஐ.சி. தானாகக் கிடைக்காது.

"சின்னப் புள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்" என்கிறோம். அதன் அறியாமையை யாருக்காகக் காப்பாற்றுகிறோம்? முதல் மனைவி இருப்பதை மறைத்த அப்பாவுக்காக. "நாலு பேரு என்ன சொல்வாங்க" என்று பயந்த தாத்தாவுக்காக. அந்த நாலு பேருக்கும் விஷயம் ஏற்கெனவே தெரியும். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து அதைத்தான் பேசுகிறார்கள். தெரியாத ஒரே ஆள் அந்தப் பிள்ளை. இதற்குப் பெயர் கள்ளமின்மையா? ஊரே சேர்ந்து ஒரு குழந்தையை ஏமாற்றுவது.

உண்மை தெரிந்ததால் பிள்ளை உடைவதில்லை. எல்லாரும் தெரிந்துகொண்டே தன்னிடம் நடித்தார்கள் என்பது புரியும்போதுதான் உடைகிறது. புதிதாக எழுத வருகிறவர்களே, அந்த இடத்தை எழுதுங்க.

கதவிடுக்குக் கதையில் குற்றவாளி எப்போதும் ஒரு பெண். எழுதுகிறவருக்கு அது வசதி. கவுண்டர் கதையில் குற்றவாளிகள் பந்தியில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும். அதனால்தான் அதை எழுதக் கை நடுங்குகிறதோ?