குருதி சாட்சி சொல்லட்டும்!

நோய் இன்னதென்று தெரிகின்றது. அதனால் வாடுவோர் யாரென்றும் தெரிகின்றது. அந்நோயின் காரணம் யாதென்பது மட்டும் மூன்று தசாப்தங்கள் ஆகியும் அறுதியிட்டுக் கூறப்படவில்லை. 1990களின் நடுப்பகுதியில் வடமத்திய மாகாணத்தில் இனங்காணப்பட்ட காரணமறியாச் சிறுநீரக நோயையே குறிப்பிடுகின்றோம். நீரிழிவோ உயர் குருதியழுத்தமோ இல்லாத உழைப்பாளிகளை, பெரும்பாலும் நெல் விளைவிக்கும் கமக்காரரை, அது ஓசையின்றிப் பற்றுகின்றது. மதவாச்சிக்கு அப்பால் மாகாண எல்லை இருக்கலாம். நோய்க்கு எல்லை கிடையாது. வவுனியாவும் முல்லைத்தீவும் அதன் பிடிக்குள் வந்துவிட்டன.

காரணமென ஐயுறப்படுபவை பல: கிணற்று நீரின் கடினத்தன்மை, புளோரைட்டு, கட்மியம், பூச்சிநாசினி, களைநாசினி, கடும் வெயிலில் நீரருந்தாது உழைத்தல். உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவுடன் நடைபெற்று 2013இல் வெளியான ஆய்வும் பல காரணிகளைச் சுட்டியதேயன்றி, ஒன்றைத் தனித்துக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவில்லை.

ஆயினும் தீர்ப்புகள் மட்டும் தாராளமாக வழங்கப்பட்டன. 2015இல் கிளைபோசேட் தடை செய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தப்பட்டது. 2022இல் அத்தடை நீங்கியது. 2021 மே மாதத்தில் இரசாயன உரமும் நாசினிகளும் ஒரே வர்த்தமானியால் நிறுத்தப்பட்டன. நவம்பரில் அம்முடிவு கைவிடப்பட்டது. ஆயினும் அதனையடுத்த காலபோக விளைச்சல் பெரிதும் சரிந்தது. தடை சரியா, நீக்கம் சரியா என்பதை ஒரு கணம் ஒதுக்கி வைப்போம். சாட்சியம் கேளாது விதித்த தண்டனையையும், சாட்சியம் கேளாது வழங்கிய விடுதலையையும் நீதி என்று அழைக்க முடியுமா என்றே கேட்கின்றோம்.

இன்று அச்சாட்சியத்தைத் தரவல்ல புதிய விஞ்ஞானம் தோன்றியுள்ளது. உடலுக்கு அந்நியமான இரசாயனம் உட்புகும்போது அதை முதலில் எதிர்கொள்வனவற்றுள் வெண்குருதிக் கலங்களும் அடங்கும். ஒவ்வொரு கலத்தினுள்ளும் ஏறத்தாழ 20,000 மரபணுக்கள் உள. அவற்றுள் எவை விழித்திருக்கின்றன, எவை உறங்குகின்றன என்பதை ஆர்.என்.ஏ. மூலக்கூறுகள் காட்டிவிடும். இரசாயனம் தீண்டினால் அந்த விழிப்பும் உறக்கமும் மாறும். ஆயிரக்கணக்கான கலங்களைத் தனித்தனியே படித்து, கணினியின் துணைகொண்டு ஒப்புநோக்கி, எந்த நஞ்சு எந்தக் கலத்தில் எத்தகைய அடிச்சுவட்டை விட்டுச் சென்றது என ஆராய்வதே இம்முறை. அமெரிக்காவில் 2008இல் தொடங்கிய டொக்ஸ்21 என்னும் கூட்டுத்திட்டம் ஏறத்தாழ 10,000 இரசாயனங்களை மனிதக் கலங்கள் மீது சோதிக்க முற்பட்டது. நம் நாட்டிலும், கண்டியிலுள்ள அடிப்படைக் கற்கைகள் தேசிய நிறுவகத்தின் ஆய்வாளர்கள் இந்நோயாளரின் குருதியில் குறிப்பிட்ட சில மரபணுக்களின் செயற்பாட்டை அளந்து 2016இலும் 2017இலும் முடிவுகளை வெளியிட்டனர். பழுதுற்ற சிறுநீரக இழையத்தில் வெண்குருதிக் கலங்கள் வந்து குவிவதை நோயியல் வைத்தியர்கள் கண்டுள்ளனர். ஆகவே அக்கலங்களை விசாரிப்பது வீண் வேலையன்று.

எனினும் பெருந்தரவு என்ற பெயரைக் கேட்டதும் மயங்கிவிடலாகாது. 20,000 மரபணுக்களை, நூற்றுக்கு ஐந்து தவறு பொறுக்கும் அளவுகோலால் சோதித்தால், ஒரு குற்றமும் நிகழாதபோதும் ஏறத்தாழ 1,000 மரபணுக்கள் குற்றவாளிகள்போல் தோன்றும். காய்ச்சலும் புகைத்தலும் வெயிலும் இதே கலங்களை மாற்றக்கூடியன. மேலும் சிலவகை வெண்கலங்கள் ஓரிரு நாட்களே குருதியில் வாழ்வன. வேறு சில ஆண்டுக்கணக்கில் நிலைப்பன. நாசினி தெளித்து ஒரு மாதம் கழித்து வந்து ஒரு தடவை குருதி எடுத்துச் செல்வோர் மெய்யைக் காணமாட்டார்கள். விதைப்புக்கு முன்னரும், தெளித்த மறுநாளும், அறுவடைக்குப் பின்னரும் எடுத்தல் வேண்டும். தெளிப்பவரையும், அதே கிணற்று நீரை அருந்தித் தெளிக்காதவரையும் ஒப்பிடல் வேண்டும்.

இவ்விசாரணையில் வன்னி தவிர்க்கவொண்ணாத சாட்சி. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் உரமும் இங்கு வரவிடாது தடுக்கப்பட்டது. 2009இல் போர் ஓய்ந்து மக்கள் மீளக்குடியேறியபின் கடைகளில் நாசினிகள் நிறைந்தன. ஆகவே இம்மண்ணின் உழவனது உடல் கண்ட வரலாறு ஏனைய மாவட்டத்தவரின் வரலாற்றினின்றும் வேறானது. அவ்வேறுபாடு விஞ்ஞானத்துக்கு அரிய ஒப்பீடு. இரணைமடுவின் கீழும், முத்தையன்கட்டின் கீழும், பாவற்குளத்தின் கீழும் உழுவோரின் குருதி சேராத தேசிய முடிவு, தேசத்தின் முடிவாகாது.

ஆதலின் எமது கோரிக்கைகள் தெளிவானவை. கிளிநொச்சி அறிவியல்நகரில் விவசாய பீடம் உண்டு. யாழ்ப்பாணத்தில் மருத்துவ பீடம் உண்டு. வவுனியா 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. குருதியின் ஆர்.என்.ஏ. விரைவிற் சிதைவதாதலின், அதனை உடனே பதப்படுத்திக் காக்கும் ஆய்வுகூட வசதி இம்மண்ணிலேயே அமைதல் வேண்டும். சம்மதப் பத்திரம் தமிழில், கமக்காரன் வாசித்து விளங்கும் தமிழில் இருத்தல் வேண்டும். மாதிரிகள் கடல்கடந்து செல்லுமாயின் எழுத்துடன்படிக்கை வேண்டும். முடிவுகள் குருதி தந்தவனின் வாசலுக்குத் திரும்புதல் வேண்டும். எந்த நாசினி எவ்வளவு இறக்குமதியாகி எம்மாவட்டத்தில் விற்கப்பட்டது என்ற கணக்கைப் பொதுமக்கள் முன் வைத்தல் வேண்டும்.

ஆய்வு முடியட்டும் என்பது கைகட்டி நிற்பதற்கு அனுமதிப்பத்திரமன்று. எப்பாவலை பொசுபேற்று வழக்கில் 2000ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டை ஏற்றது. சுன்னாகம் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில் 2019இல் மின்னுற்பத்திக் கம்பனி 20 மில்லியன் ரூபா செலுத்துமாறு பணித்தது. காரணம் எதுவாயினும் தூய நீரும், கையுறையும், காலத்தில் செய்யும் சிறுநீரகப் பரிசோதனையும் இன்றே வழங்கத்தக்கவை.

அரசினரைக் கேட்பதோடு நம் கடன் தீர்ந்துவிடாது. உழவர் பெருமக்களே! நஞ்சை நாம் ‘மருந்து’ என்றே அழைத்துப் பழகிவிட்டோம். எந்நாளில், எந்த மருந்தை, எவ்வளவு அடித்தோம் என்பதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அக்கொப்பி இல்லையேல் எந்தக் கணினியும் உங்கள் குருதியைப் படித்தறிய இயலாது. வைத்தியர்களே, ஆசிரியர்களே, சட்டத்தரணிகளே! அக்கொப்பியைப் பேணவும், அச்சம்மதப் பத்திரத்தை வரையவும் கமக்காரர் அமைப்புகளுக்குத் தோள்கொடுங்கள். ஊகத்தின்மேல் எழுந்த சட்டம் இருமுறை நம் வயல்களைக் கலக்கியது போதும். இனி வன்னியின் குருதி சாட்சி சொல்லட்டும். அச்சாட்சியத்தைக் கேட்டபின் சட்டம் பேசட்டும்.