ஒழுகும் மாடியும் ஓசி ஆலோசனையும்

ஐப்பசி பிறந்தால் சென்னையில் இரண்டு வியாபாரம் களைகட்டும். ஒன்று பட்டாசு, இன்னொன்று மாடிக்கு வாட்டர் ப்ரூஃபிங். பட்டாசு ஒரே நாளில் வெடித்துத் தீர்ந்துவிடும். மற்றது வருஷா வருஷம் வீட்டுக்காரர் பர்ஸில் வெடிக்கும்!

ஹால் சீலிங்கில் ஈரம் படர்கிறது. ஆள் வருகிறார், மாடியில் ஐந்து நிமிஷம் நிற்கிறார், "கோட்டிங் அடிச்சிட்டா போதும் சார்" என்கிறார். வீட்டுக்காரர் உடனே கேட்பது, "சதுர அடி என்ன ரேட்?" ஏன் ஒழுகுகிறது என்று இருவருமே கேட்பதில்லை. அடுத்த மழையில் அதே இடம் மறுபடி நனைந்ததும் பழி பெயிண்ட் கம்பெனி மேல் விழுகிறது.

தண்ணீர் சொட்டும் இடம் வேறு, அது உள்ளே நுழைந்த இடம் வேறு. தட்டோட்டின் இடுக்கில் இறங்கிய நீர், கீழேயுள்ள செங்கல் ஜல்லி சுண்ணாம்பில் ஊறி, வாட்டம் போகும் பக்கம் நகர்ந்து, தளத்தில் எங்கே விரிசல் இருக்கிறதோ அங்கே எட்டிப் பார்க்கும். பெட்ரூமில் ஈரம் என்றால் அதற்கு நேர் மேலே மட்டும் பூசுவது குருட்டு வைத்தியம்.

காரணங்களும் ஒன்றல்ல. மழைநீர்க் குழாயின் வாயைச் சருகு அடைத்திருக்கலாம். சோலார் பேனல் நிறுத்தப் போட்ட போல்ட் துளையாக இருக்கலாம். தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலை பிளந்திருக்கலாம். 10 மீட்டர் நீளக் கான்கிரீட் தளம் 30 டிகிரி சூடு ஏறினால் சுமார் 3 மில்லிமீட்டர் நீளும். தினமும் நீண்டு சுருங்குகிற மூலையில் வெறும் சிமெண்ட் பூச்சு எத்தனை நாள் தாங்கும்?

காரணத்தைப் பிரித்தறிய முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். மழை பிடித்த உடனே சொட்டினால் விரிசலையோ குழாய் வாயையோ சந்தேகிக்கலாம். மழை நின்ற மறுநாள் கசிந்தால் ஜல்லி அடுக்கு ஊறியிருக்கிறது. சித்திரை வெயிலிலும் ஈரம் காயவில்லையா? குற்றவாளி மழையே அல்ல, தண்ணீர்க் குழாயோ தொட்டியோ மேல்வீட்டுக் குளியலறையோதான். அதற்குப் போய் மொட்டை மாடி முழுக்கக் கோட்டிங் அடித்தால் ஒரு சொட்டும் குறையாது.

இதெல்லாம் வெறும் பணக் கணக்கு என்று விட்டுவிட முடியாது. ஈரம் கம்பியைத் தொட்டால் துரு பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். கீழேயுள்ள கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். அப்படிப் பிளந்த சீலிங்குக்கு, கம்பியைச் சுரண்டிச் சுத்தம் செய்யாமல், சிமெண்ட் அப்பி வெள்ளையடித்து, புதிதாகக் குடிவருபவரிடம் அட்வான்ஸ் வாங்குகிறார்களே சில வீட்டு உரிமையாளர்கள், அதை ரிப்பேர் என்று சொல்லவே கூடாது. அந்தப் பூச்சுக்குக் கீழேதான் ஒரு குழந்தை பாய் விரித்துத் தூங்குகிறது.

"பார்த்துட்டுப் போறதுக்கே காசா?" என்று கேட்பவர்கள் காமர்ஸ் மாணவர்களின் பாடப் புத்தகத்தைப் புரட்டலாம். ஒரு கம்பெனியின் ஆடிட்டரே அதற்குக் கணக்கும் எழுதித் தரக்கூடாது என்கிறது 2013 கம்பெனிகள் சட்டத்தின் 144-ஆம் பிரிவு. தான் எழுதியதில் தானே தப்பு கண்டுபிடிக்க மாட்டார் என்பதுதான் காரணம். கோட்டிங் விற்பவரையே நோயைக் கண்டுபிடிக்கச் சொன்னால், எல்லா நோய்க்கும் மருந்து கோட்டிங்காகத்தான் இருக்கும். ஓசியில் பார்த்துச் சொன்னதன் கூலி சதுர அடி ரேட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. விற்க எதுவும் இல்லாத ஒரு சிவில் இன்ஜினியருக்குத் தனியாக ஃபீஸ் கொடுப்பது, தப்பான வேலையை மூன்று வருஷம் திரும்பத் திரும்பச் செய்வதைவிட மலிவு.

அதற்கும் வசதி இல்லாதவர்கள்? குழாயை மூடி இரவில் தொட்டி அளவைக் குறித்து, காலையில் குறைந்திருக்கிறதா என்று பார்க்கக் காசு வேண்டாம். சருகை அள்ளக் காசு வேண்டாம். ஆள் வந்ததும் ரேட்டுக்கு முன்னால், "தண்ணி எங்கேருந்து வருது, எதை வெச்சுச் சொல்றீங்க?" என்று கேட்கவும் காசு வேண்டாம். பதில் சொல்லத் தெரியாதவரை மாடியிலிருந்து அப்படியே கீழே இறக்கி அனுப்பிவிடலாம். படி வழியாகத்தான்!