ரயிலுக்கு ஆர்.சி. புக் இருக்கா பாஸ்?

போன மாசம் என் ரூம்மேட் ஒரு செகண்ட் ஹேண்ட் பைக் பார்த்துட்டு வந்தான். செம கண்டிஷன், சூப்பர் ரேட். அட்வான்ஸ் கொடுக்கப் போற நேரத்துல, கூட வந்த மெக்கானிக் அண்ணன் மட்டும், "தம்பி, மொதல்ல ஆர்.சி.யைக் காட்டச் சொல்லு"ன்னார். வாங்கிப் பார்த்தா, அதுல ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி பேரு! டியூ இன்னும் முடியலை. அந்த ஒரு வரி அங்கே இல்லைன்னா நம்மாளு காசையும் விட்டு, வண்டியையும் விட்டு, மறுபடி பஸ் ஸ்டாப்ல நின்னிருப்பான்.

அன்னிக்கு நைட் எனக்குத் தூக்கம் வரலை. ஒரு பைக்குக்கே இவ்ளோ பாதுகாப்புன்னா, கோடிக்கணக்குல கடன் வாங்கி ஓட்டுற ரயில் இன்ஜினுக்கு? (மெக்கானிக்கல் தேர்டு இயர் படிக்கிறவனுக்கு இப்படித்தான் கனவு வரும், கண்டுக்காதீங்க!) தேட ஆரம்பிச்சேன். பல நாடுகள்ல பாதுகாப்புக்காக ரயில் பெட்டிக்கு நம்பர் கொடுத்துப் பதிவு பண்றாங்க. ஆனா, 'இந்தப் பெட்டி மேல இன்னாருக்குக் கடன் பாக்கி இருக்கு'ன்னு யார் வேணும்னாலும் பார்க்கிற மாதிரி ஒரு புத்தகம் பெரும்பாலும் கிடையாது!

ரொம்ப நாளா இது ஒரு பிரச்னையாவே இல்லை. ஏன்னா ரயில்னாலே அரசாங்கம். கடன் கொடுத்தவங்களுக்கு அரசாங்கமே ஜாமீன். ஆனா காலம் மாறிடுச்சு. பிரிட்டன்ல 1994-ல ரயில் பெட்டிகளை எல்லாம் மூணு லீஸிங் கம்பெனிகளா பிரிச்சாங்க. அப்புறம் அந்தக் கம்பெனிகளையும் தனியாருக்கு வித்துட்டாங்க. அங்கே ரயில் ஓட்டுற கம்பெனி பலதும், வாடகை வீட்ல குடியிருக்கிற மாதிரி, வாடகை ரயில்லதான் பிழைப்பு நடத்துது. நம்ம ஊர்லயும் 1986-ல ஆரம்பிச்ச ஐ.ஆர்.எஃப்.சி.ங்கிற அரசு நிறுவனம், கடன் திரட்டி இன்ஜின், பெட்டி எல்லாம் வாங்கி ரயில்வேக்கு லீஸுக்கு விட்டிருக்கு. அதனால நீங்க தூங்கிட்டுப் போற பெர்த் ரயில்வேயோட சொந்தமா இல்லாமலும் இருக்கலாம்!

இப்போ ஒரு சின்னக் கற்பனை. ஸ்வீடன் கம்பெனி ஒண்ணு, வேற நாட்டு பேங்க்ல கடன் வாங்கி இன்ஜின் வாங்குது. அந்த இன்ஜின் நாலு நாட்டு எல்லையைத் தாண்டி ஓடுது. கம்பெனி திவால். இன்ஜின் நிக்கிறது அஞ்சாவது நாட்டு யார்டுல. எந்த நாட்டுச் சட்டம் செல்லும்? வக்கீல்களுக்கு தீபாவளி! பேங்க்குக்கு பயம். பயந்த பேங்க் ரெண்டுல ஒண்ணு செய்யும். வட்டியை ஏத்தும், இல்லைன்னா 'உங்க அரசாங்கத்தை ஜாமீன் போடச் சொல்லு'ன்னு கேட்கும். பணக்கார நாடு போட்டுடும். ஏழை நாடு? பழைய இன்ஜினையே ஒட்டுப் போட்டு ஓட்டும்.

இதுக்குத்தான் ஒரு உலக ஒப்பந்தம். 2001-ல கேப்டவுன்ல அடிப்படை ஒப்பந்தம் போட்டாங்க. விமானத்துக்கான விதிகள் அப்பவே வந்தாச்சு. ரயிலுக்கான விதிகளை 2007 பிப்ரவரி 23-ல லக்ஸம்பர்க்ல ஏத்துக்கிட்டாங்க. பேரு லக்ஸம்பர்க் ரயில் புரோட்டோகால். நாலு நாடுகள் உறுதி செய்யணும், பதிவேடும் ரெடியா இருக்கணும். அவ்ளோதான் கண்டிஷன். அதுக்கு ஆன நேரம்? 17 வருஷம்! கடைசியா ஸ்பெயின், ஸ்வீடன், லக்ஸம்பர்க், காபோன் நாடுகளோட கையெழுத்துல 2024 மார்ச் 8-ல அமலுக்கு வந்துச்சு. நம்மாளுங்க அரியர் கிளியர் பண்ற ஸ்பீடே பரவாயில்லை!

விஷயம் சிம்பிள். லக்ஸம்பர்க்ல இருந்து ஆன்லைன்ல ஒரு சர்வதேசப் பதிவேடு. கடன் கொடுத்தவர் அதுல பதிஞ்சு வைக்கணும். முதல்ல பதிஞ்சவருக்கே முதல் உரிமை. வாங்கப் போறவர் முன்னாடியே பார்த்துக்கலாம், நம்ம மெக்கானிக் அண்ணன் சொன்ன மாதிரி. மெட்ரோ, டிராமுக்கும் இது பொருந்தும்.

இதுல இன்ஜினீயரிங் பசங்களுக்குப் பிடிச்ச மேட்டர் ஒண்ணு இருக்கு. பெட்டியை அடையாளம் காட்டுறது எப்படி? பெயின்ட் மாறும், போகி மாறும், ஓட்டுற கம்பெனி மாறினா நம்பரே மாறும். அதனால ஒவ்வொரு வண்டிக்கும் 'யூர்விஸ்'னு ஒரு தனி நம்பர். ஒரு தடவை கொடுத்தா அந்த வண்டிக்கு மட்டும்தான், வேற எதுக்கும் போகாது. அதை உடம்புல நிரந்தரமா பதிக்கணும். வண்டியோட ஆயுசு முழுக்க அழியாத நம்பர்!

எல்லாம் சரி. ஆனா எனக்கு ஒரு இடத்துல நெருடுச்சு. டியூ கட்டலைன்னு பைக்கைத் தூக்கினா ஒருத்தன் நடந்து போவான். ரயிலைத் தூக்கினா? மறுநாள் காலையில பிளாட்ஃபார்ம்ல நிக்கிற ஸ்டூடன்ட், நர்ஸ், காய்கறிக்காரம்மா எல்லாம் என்ன தப்பு பண்ணாங்க?

நல்லவேளை, எழுதினவங்களும் இதை யோசிச்சிருக்காங்க. 25-வது பிரிவு. மக்கள் சேவைக்கு ஓடுற ரயிலைத் தூக்க விடமாட்டோம்னு ஒரு நாடு அறிவிக்கலாம். ஆனா சும்மா இல்லை. வண்டியைப் பிடிச்சு வெச்சுக்கிறவர் அதைப் பராமரிக்கணும், கடன் கொடுத்தவருக்கு வாடகையும் தரணும். உள்நாட்டுச் சட்டம் சொல்ற தொகை, மார்க்கெட் வாடகை ரெண்டுல எது அதிகமோ அது. (இதுலயும் சில விதிவிலக்கு உண்டு.) ஜனங்க ரயில் ஏறலாம், பில் யாருக்குன்னும் தெளிவா இருக்கு.

கையெழுத்து போட்டா மட்டும் போதுமா? போதாது! விமான ஒப்பந்தத்துல இந்தியா 2008-லயே சேர்ந்துடுச்சு. ஆனா 2023 மே மாசம் கோ ஃபர்ஸ்ட் திவால் ஆனப்போ, விமானத்தை வாடகைக்கு விட்டவங்களால அதைத் திரும்ப எடுக்க முடியலை. நம்ம திவால் சட்டம் குறுக்கே நின்னுச்சு. 2024 ஏப்ரல்ல டெல்லி ஹைகோர்ட் உத்தரவு போட்ட பிறகுதான் வழி பிறந்துச்சு. ஒப்பந்தத்தை உள்நாட்டுச் சட்டத்துல உட்கார வெச்சது 2025-லதான். அந்த இடைவெளியில உலகம் நம்மளைப் பார்த்துப் பயந்தா, அந்தப் பயத்துக்கான காசு நம்ம டிக்கெட்ல வந்து ஏறும்.

ரயில்னா ஸ்பீடு, ஹார்ஸ்பவர், பிரேக்னு மட்டும் நினைச்சிட்டிருந்தேன் ஃப்ரெண்ட்ஸ். இப்போதான் புரியுது, அதை நகர்த்துறதுல ஒரு பேப்பருக்கும் பங்கு உண்டு. நாம டிசைன் பண்ணப் போற வண்டியை யாரோ நம்பிக் காசு போட்டாதான் அது ஷெட்டை விட்டு வெளியே வரும்.

என் ரூம்மேட்? இன்னும் பைக் தேடிட்டிருக்கான். இப்போல்லாம் டேங்க்கைத் தட்டிப் பார்க்கிறதுக்கு முன்னாடியே ஆர்.சி. கேட்கிறான். நீங்களும் கேளுங்க!

அடுத்த வாரம் இன்னொரு டவுட்டோட வர்றேன். டாட்டா!